ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா

...இல்ல டீச்சர். தப்பு. மறுபடியும் தப்பு. போர்டுல மேல இருக்குற அஞ்சு வரியையும் தண்ணி பட்ட பாடா படிச்சீங்க. கடைசி வரி வந்ததும் வாய்க்கு வந்ததைச் சொல்றீங்க. கணக்கு டீச்சர் நீங்க, தினமும் நாப்பது பிள்ளைங்களுக்கு முன்னால நின்னு நம்பர் எழுதுறவங்க. உங்களுக்கே ரெண்டு எது, ஆறு எதுன்னு தெரியலைன்னா நான் எந்தச் சுவத்துல போய் முட்டிக்கிறது? தலையை ஆட்டாதீங்க, மூக்கு மேல இருக்குற டெஸ்ட் ஃபிரேம் வழுக்கிடும். இருங்க, வேற லென்ஸ் போடுறேன். இது ஒண்ணு... இது ரெண்டு. எது தெளிவா இருக்கு? ஒண்ணா, ரெண்டா?

ரெண்டா? நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?

ரெண்டும் ஒரே லென்ஸ் டீச்சர். எடுத்தேன், துடைச்சேன், அதையே திரும்பப் போட்டேன்.

கோவிச்சுக்காதீங்க, உங்களை மட்டும் சொல்லல. பத்துப் பேருக்கு இப்படிச் செஞ்சா எட்டுப் பேரு ரெண்டுதான் தெளிவுன்னு சொல்லுவாங்க. ஏன்னு கேட்டா, பின்னால வந்துச்சாம், டாக்டர் மாத்திப் போட்டாருன்னா நல்லதாத்தான் இருக்கும்னு நினைச்சாங்களாம். கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு கேட்டா மனசுக்கு என்ன தோணுதுன்னு சொல்றாங்க. நான் டாக்டரும் இல்ல, கண்ணாடிக்கடைக்காரன். அதையும் வாசல்ல இவ்வளவு பெரிசா எழுதிப் போட்டிருக்கேன். எவன் படிக்கிறான்?

அப்புறம் பத்து நாள் கழிச்சு, கண்ணாடி போட்டா தலை வலிக்குது, படி இறங்குனா தரை மேல வருதுன்னு வந்து நிப்பீங்க, இப்ப வந்திருக்குற மாதிரி. நீங்க மட்டும் இல்ல, இந்த மாசத்துல நாலாவது ஆளு. தையல்காரர் வந்தாரு, ஊசியில நூல் கோக்க முடியலையாம். பேக்கரிக்காரர் வந்தாரு. எங்க தெருமுனை மருந்துக்கடைப் பொண்ணு வந்துச்சு. எல்லாரும் ஒரே பாட்டு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். டெஸ்ட் பண்றப்ப ஒழுங்கா பதில் சொல்லாம, கண்ணாடி சரியில்ல, கடைக்காரன் சரியில்ல.

இருங்க, இந்த லென்ஸ்ல என்ன நம்பர்... லென்ஸ் கம்பெனிக்காரனுங்களுக்கும் புத்தி கெட்டுப்போச்சு. முன்னல்லாம் விளிம்புல நம்பரை நல்லா பட்டையா போடுவான். இப்ப எறும்பு கால் மாதிரி போடுறான். இதுல வேற பல்பு மங்கிப்போச்சு. இந்த வருஷத்துலயே ரெண்டு தடவை மாத்திட்டேன், மாத்துன மறுநாளே மங்கிடுது.

என் மருமகப்பிள்ளை காலேஜ்ல பொருளாதாரம் சொல்லிக்குடுக்குறாரு. போன தடவை சாப்பிட உக்காந்தப்ப ஆரம்பிச்சாரு. மாமா, மனுஷனுக்குத் தனக்கு என்ன வேணும்னு தெரியும், இருக்குறதையெல்லாம் வரிசைப்படுத்துவான், எதுல நன்மை அதிகம்னு எடை போடுவான், அதைத் தேர்ந்தெடுப்பான், இதுதான் எங்க பாடத்துக்கே அஸ்திவாரம்னாரு. எனக்குப் புரை ஏறிடுச்சு டீச்சர். மாப்பிள்ளை, அந்த மனுஷன் எங்க இருக்கான்னு சொல்லுங்க, அவனுக்கு ஆயுசு பூரா கண்ணாடி இலவசம்னேன்.

ஏன் சிரிக்கிறீங்க? நெசமாத்தான். இந்தத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் உக்காந்து பாருங்க. ஃபிரேம் எப்படி எடுக்குறாங்கன்னு பாருங்க. அஞ்சடி தள்ளி நிக்கிறது ஆளா, அலமாரியான்னு தெரியாதவன், போட்டிருக்குற கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, லென்ஸ் இல்லாத வெறும் ஃபிரேமை மாட்டிக்கிட்டு, நிலைக்கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாக்குறான். அவனுக்கு அங்க என்ன தெரியும்? புகை மூட்டம் தெரியும். அதைப் பார்த்துட்டு, இது எனக்கு எடுப்பா இருக்குங்குறான். சில பேரு பக்கத்துல நிக்கிற பொண்டாட்டி மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்றாங்க. அதுவும் அவங்களுக்குத் தெரியாது, பாவம், உச்சுக் கொட்டுறது காதுல விழுறதை வச்சுத்தான்.

தையல்காரர் சொன்னேனே, அவரு ஒண்ணரை மணி நேரம் பார்த்தாரு. கடைசியில கருப்புல தடிமனா ஒண்ணை எடுத்தாரு. உங்க மூஞ்சிக்கு இது பாரம்னேன். எங்க சகலை இதே மாதிரிதான் போட்டிருக்கான்னாரு. சரி, சகலை மேல பிரியம் போலன்னு பார்த்தா, பேச்சுவார்த்தையே கிடையாதாம், ஆறு வருஷமா. அப்புறம் எதுக்குய்யா? அவன் மட்டும் போடுறானேங்குறாரு. இதை எந்தத் தராசுல போட்டு எடை பார்க்குறது?

நானும் ஒரு வேலை செய்வேன், உங்ககிட்ட சொன்னா என்ன. மூணு ஃபிரேமை எடுத்து வைப்பேன். ஒண்ணு கண்ணு கூசுற மாதிரி, ஒண்ணு விளங்காதது, நடுவுல நான் விக்கணும்னு நினைக்கிறது. அவ்வளவுதான். கை நேரா நடுவுக்குப் போகும். நாலு வச்சா குழம்புவாங்க. நாப்பது வச்சா, வீட்டுல கேட்டுட்டு வரேன்னு கிளம்பிடுவாங்க. போன மாசம் நீங்க எதை எடுத்தீங்க, ஞாபகம் இருக்கா? ஆமா, நடுவுல இருந்ததைத்தான். கணக்கு டீச்சர்.

மருமகப்பிள்ளை கதையைக் கேளுங்க. வீடு பார்த்தாரு, போன வருஷம். மூணு வாரம் கட்டம் கட்டமா கோடு போட்டு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், தண்ணி எப்படி, வெயில் எந்தப் பக்கம்னு மார்க்கு போட்டாரு. ஒரு வீடு எழுபத்தெட்டு, இன்னொண்ணு அறுபத்தொண்ணு. எதை எடுத்தாரு தெரியுமா? அறுபத்தொண்ணு. என் பொண்ணுகிட்டத் தனியா கேட்டேன், ஏம்மான்னு. அந்த வீட்டு பால்கனியில ஒரு பூனை படுத்திருந்துச்சுப்பா, இவருக்குப் பார்த்ததும் பிடிச்சுப்போச்சுன்னா. பூனை பக்கத்து வீட்டுப் பூனை, டீச்சர். ஊருக்குப் பாடம் எடுக்குறாரு.

சரி, படிங்க. கடைசி வரி. இடது கண்ணை நல்லா பொத்திக்கங்க.

ஆறு, மூணு, எட்டு... அடடடா. எங்க இருந்து வருது உங்களுக்கு ஆறும் எட்டும்? நான் சொல்லிக்குடுக்கக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். ரெண்டு, ஏழு, நாலு, ஒம்போது, அஞ்சு, மூணு. இருபத்தாறு வருஷமா அந்த வரி அங்கதான் இருக்கு. என் பொண்ணு பிறந்த தேதி மறந்தாலும் அது மறக்காது. நான் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட வேண்டியதில்ல. இங்க இருந்து உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே தப்பு எது, சரி எதுன்னு சொல்லுவேன்.

இன்னைக்கு என்ன நேரமோ, காலையில வந்த மூணு பேரும் இப்படித்தான். மூணு பேரும் ஆறு, மூணு, எட்டுன்னுதான் ஆரம்பிக்கிறாங்க. ஒரே மாதிரி. ஊருக்கே கண்ணு போயிடுச்சா, இல்ல வெளிய உக்காந்து பேசி வச்சுக்கிட்டு வர்றாங்களான்னு தெரியல. அப்படிச் செய்யவும் செய்வாங்க. பேக்கரிக்காரர் அதைத்தான் செஞ்சாரு. திரை விலகியிருந்த நேரம் பார்த்து வெளிய பெஞ்சுல உக்காந்துக்கிட்டே, முன்னால போன ஆளு படிக்கிறதைக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டாரு. உள்ள வந்து உக்காந்தாரு, கடகடன்னு ஒப்பிச்சாரு. எனக்கே சந்தேகம். ஒரு வரியைப் பின்னால இருந்து படிங்கன்னேன். முழிச்சாரு பாருங்க. ஏன்யா, இது என்ன பரீட்சையா, பாஸாகி நீ எந்த வேலைக்குப் போகப் போறே, ஏமாத்துறது யாரை, உன் கண்ணைத்தானேன்னு கேட்டேன். வெக்கப்பட்டாரு. இல்ல, கண்ணாடி போடணும்னு சொல்லிட்டீங்கன்னா வயசாயிடுச்சுன்னு ஆயிடும்னாரு. கண்ணாடி போடலைன்னா வயசு நின்னுடுமா? இப்படியும் இருக்குதுங்க ஜென்மங்க.

நான் சொல்றதைக் கேட்டுக்கங்க. இந்த ஊருல மருமகப்பிள்ளை சொல்ற மாதிரி, ஆற அமர யோசிச்சு முடிவெடுக்குற ஆளு ஒருத்தன் இருக்கான்னா அது நான் ஒருத்தன்தான். ஏன்னா எனக்குக் கண்ணு முன்னால அத்தாட்சி வேணும். மனசுல பட்டுச்சுன்னு எதையும் செய்யமாட்டேன்.

எங்க வீட்டுக்காரி இருக்காளே, வெளிய கவுண்டர்ல பார்த்திருப்பீங்க, அவ நேர்மாறு. ஒரு மாசமா என் கண்ணு சரியில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுன்னு நச்சரிக்கிறா. என்ன ஆதாரம்னு கேட்டா, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்குங்குறா. அன்னைக்கு டம்ளருக்குத் தண்ணி ஊத்துனது மேசையில போச்சாம். கை தவறுறது யாருக்கும் தவறும். அவ தம்பி வாசல்ல வந்து நின்னப்ப, வீட்டுல ஆள் இல்ல, தபால் எல்லாம் கடையில குடுத்துடுப்பான்னு சொல்லிட்டேனாம். அவன் அப்படி ஒரு பை மாட்டிக்கிட்டு வந்தா வேற என்ன சொல்றது? படியில ரெண்டு தடவை தடுக்குச்சாம். இதையெல்லாம் சேர்த்து வச்சு, என்னைக் கேக்காமலே இன்னைக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில பேர் எழுதி வச்சுட்டு வந்திருக்கா. போகலைன்னா நாளைக்குக் கவுண்டர்ல உக்கார மாட்டாளாம். தலைவலின்னு வர்றவங்க மூஞ்சியை இனி அவளால பார்க்க முடியாதாம்.

நான் போகமாட்டேன்னு சொல்லிட்டேன். எதுக்குப் போகணும்? வாராவாரம் திங்கட்கிழமை காலையில, கடை திறக்குறதுக்கு முன்னால, நீங்க உக்காந்திருக்குற இதே நாற்காலியில உக்காந்து என் கண்ணை நானே டெஸ்ட் பண்றேன். ஒரு கண்ணைப் பொத்துவேன், கடைசி வரி வரைக்கும் படிப்பேன். இன்னொரு கண்ணைப் பொத்துவேன், படிப்பேன். ஒரு நம்பர் தப்பினதில்ல. இன்னைக்குக் காலையிலகூட அவளைக் கூப்பிட்டுக் கதவுகிட்ட நிக்க வச்சு, சத்தமா படிச்சேன், ரெண்டு, ஏழு, நாலு, ஒம்போதுன்னு. போதுமான்னேன். மூக்கை உறிஞ்சிக்கிட்டே வெளிய போயிட்டா. சளி பிடிச்சிருக்கு போல. நேத்து சாயங்காலம் கடை மூடுற நேரத்துல ஸ்டூல் போட்டு ஏறி இந்த போர்டைத் துடைச்சுக்கிட்டு இருந்தா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து துடைக்காதவ. அந்தத் தூசிதான்.

உங்களுக்கு மட்டும் சொல்றேன். எனக்கு அந்த ஆஸ்பத்திரியே பிடிக்காது. எங்க அண்ணன் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தான். முப்பது வருஷம், ஒரு கீறல் கிடையாது. சும்மா ஒரு பரிசோதனைன்னு கூட்டிட்டுப் போனாங்க. போறப்ப பேப்பர் படிச்சுக்கிட்டே போனான் டீச்சர். வர்றப்ப, கண் நரம்பு பாதி போயிடுச்சுன்னு ஒரு சீட்டு, ராத்திரி ராத்திரி விட்டுக்க ஒரு சொட்டு மருந்து, இனி வண்டி ஓட்டக்கூடாதுன்னு ஒரு கடிதாசி. போகாம இருந்திருந்தா ஓட்டிக்கிட்டே இருந்திருப்பான்.

என்ன? என்ன சொன்னீங்க? பஸ்ல உக்காந்திருக்குறவங்களா... ம்.

சரி, அது வேற. அதை விடுங்க. கண்ணாடிக்கடைக்காரனுக்கே கண்ணு இல்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டா, அப்புறம் இந்தப் படியை யாரு மிதிப்பாங்க? அதையும் யோசிச்சுத்தானே ஆகணும். எடை போட்டுத்தான் சொல்றேன்.

நாம வேலையைப் பார்ப்போம். நீங்க எந்திரிங்க. ஆமா, எந்திரிச்சு போர்டுகிட்ட போங்க. ஒரு முழம் தள்ளி நில்லுங்க. இப்ப படிங்க அந்த வரியை. இப்பவாவது உண்மை தெரியட்டும்.

...ஆறு, மூணு, எட்டு, ரெண்டு, ஒம்போது, நாலா?

விளையாடுறீங்களா? மூக்கு இடிக்கிற தூரத்துல நின்னுக்கிட்டும் அதையே சொல்றீங்களே. தான் பிடிச்ச முயலுக்கு மூணு காலுங்குறது இதுதான். தள்ளுங்க, நான் காட்டுறேன். இங்க பாருங்க, விரலை வச்சுக் காட்டுறேன், இது ரெண்டு, இது...

இருங்க.

பல்பை இந்தப் பக்கம் திருப்புங்க. இன்னும் கொஞ்சம்.

இது என்ன, காகிதம் மாதிரி நெருடுது. விளிம்பு தூக்கிக்கிட்டு நிக்குது. பசை. டீச்சர், இது அச்சடிச்சது இல்லையே. கையால எழுதி ஒட்டினது. இந்த எட்டைப் பாருங்க, ஒரு வட்டத்து மேல இன்னொரு வட்டம். எட்டை இப்படி எழுதுற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான்.

நீங்க முன்னாடியே கவனிச்சீங்களா, கையெழுத்துன்னு? அப்ப சொல்ல வேண்டியதுதானே. ...சரி, நான் எங்க சொல்ல விட்டேன்.

அப்ப காலையில வந்தவங்க மூணு பேரும் சரியாத்தான் படிச்சாங்க. ஒரு ஆளு தப்பா படிக்கலாம், ரெண்டு ஆளு படிக்கலாம். மூணு பேரு ஒரே தப்பைச் செஞ்சா அது தப்பு இல்லன்னு ஒரு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நான் மூணு பேருக்கும் பவரை ஏத்தி எழுதி வச்சிருக்கேன். நாலாவதா உங்களையும் திட்டிக்கிட்டு இருக்கேன்.

நான் உக்காந்துக்குறேன். கொஞ்சம் இருங்க.

காலையில அங்க இல்லாத வரியைப் படிச்சிருக்கேன், டீச்சர். அவளைக் கூப்பிட்டு நிக்க வச்சுக்கிட்டு. போதுமான்னு வேற கேட்டேன். சளியும் இல்ல, தூசியும் இல்ல. அழுதுகிட்டுப் போயிருக்கா. நான் அதையும் பார்க்கல.

எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க. மூக்குல பட்டாத்தான் லென்ஸ் நம்பர் தெரியுதுங்குறதும் தெரியும், பல்பு மேல தப்பு இல்லங்குறதும் தெரியும். ஆறு மாசமா தெரியும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்தக் கடைசி வரியை ஒப்பிச்சு முடிச்சதும் நெஞ்சுல ஒரு நிம்மதி வரும் பாருங்க, அந்த நிம்மதிக்காகத்தான் உக்காந்தேன். பேக்கரிக்காரராவது ஒரு தடவைதான் ஒப்பிச்சாரு. எனக்குப் பயம். வேற ஒண்ணும் இல்ல. அண்ணன் மாதிரி சாயங்காலமானா ஒரு மூலையில உக்காந்து, யாரு வர்றது, யாரு வர்றதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கணுமேன்னு பயம். அந்தப் பயத்துக்கு நாலு பேரு தலைவலியைக் குடுத்திருக்கேன். உங்க கண்ணுல புதுசா ஒரு குறையும் இல்ல டீச்சர், போன மாசம் நான்தான் கண்ணாடியைத் தப்பா போட்டுட்டேன். பழசையே போட்டுக்கங்க, அது நல்லா இருக்கும்.

மணி என்ன ஆச்சு? மூணரை தாண்டியிருக்குமா? அந்தக் கடிகாரம் எங்க இருக்குன்னு தெரியுது, முள்ளுதான்...

ஒரு உபகாரம் செய்யுங்க. வெளிய போறப்ப அவகிட்ட, அவரு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொல்லிட்டாருன்னு சொல்லுங்க. போர்டு விஷயம் வேண்டாம். போர்டைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்னு தெரிஞ்சா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. அவரா உக்காந்து யோசிச்சாரு, போனா என்ன, போகலைன்னா என்னன்னு நல்லது கெட்டது எல்லாத்தையும் எடை போட்டாரு, அப்புறம்தான் நிதானமா ஒரு முடிவுக்கு வந்தாருன்னு சொல்லுங்க. மருமகப்பிள்ளை காதுக்கும் அப்படியே போகட்டும். நீங்க சொன்னா நம்புவா, டீச்சர் பொய் சொல்ல மாட்டாங்கன்னு. என்ன, சொல்றீங்களா?

என்ன திரைகிட்டயே நின்னுட்டீங்க? கோவமா என் மேல? இருக்கும், இவ்வளவு நேரம் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். டீச்சர்?

மூக்கை உறிஞ்சுற மாதிரி இருக்கு.

...நீயா?

டீச்சர் எப்பப் போனாங்க? நீ எப்ப இருந்து நிக்கிறே? சரி, சரி, ஒண்ணும் சொல்லாதே. செருப்பு எங்க கிடக்குன்னு பார்த்துக் குடு, படியில கையைப் பிடிச்சுக்கோ.